ஹட்டி ஆட்டமும் அரங்கேற்றமும் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நாங்கள் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச் சேர்ந்த படுகர் குடும்பம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து வயதிலிருந்து பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள். வரும் கோடையில் அரங்கேற்றம். இந்த வருடம் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போனபோது எல்லாரும் வெள்ளை உடுத்தி வட்டமாக ஆடினோம். அவள் மட்டும் ஓரமாக நின்றாள். கூப்பிட்டால், "அங்க ஆடினா அரைமண்டி கெட்டுப்போகும்னு கிளாஸ்ல சொல்லியிருக்காங்கம்மா" என்றாள். முழங்காலை மடித்து நிற்கும் பரதநாட்டிய நிலைதான் அரைமண்டி. "அது நாட்டியம், இது சும்மா ஆட்டம்தானே, விடுங்க" என்று என் கொழுந்தனாரும் சேர்ந்துகொண்டார். மாமியாரின் முகம் வாடிவிட்டது. எங்களுடையது சும்மா ஆட்டம்தானா? அரங்கேற்றத்துக்கு முன்னால் அவள் யாருடைய நடனத்தைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, கோத்தகிரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து வயதில் தொடங்கி, ஏழு வருடம் பயின்று, பன்னிரண்டில் அரங்கேற்றம். இதைப் படித்ததும் மாதவிதான் நினைவுக்கு வந்தாள். சிலப்பதிகாரத்தில் அவளுக்கும் இதே கணக்குதான். அவள் ஏறும் மேடைக்கு அரங்கேற்று காதை அளவு சொல்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மூன்று வகைத் திரைகள். தூண்களின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்கு வைக்கிறார்கள். ஆடி முடித்தவள் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள்.

அதே நூலில் குன்றக் குரவையும் இருக்கிறது. கண்ணகி கணவனோடு விண்ணேறியதைக் கண்ட மலைக்குறவர்கள், தொண்டகப் பறையைக் கொட்டுங்கள், கொம்பை ஊதுங்கள், மணியை அடியுங்கள் என்று ஒருவரையொருவர் அழைத்துக் குரவை ஆடத் தொடங்குகிறார்கள். கைகோத்து ஆடும் ஆட்டம். மேடை இல்லை, திரை இல்லை, பொன்னும் இல்லை. இளங்கோ அதற்கும் ஒரு முழுக் காதை கொடுத்தார். கண்ணகியைத் தெய்வமாக முதலில் கொண்டாடுவதே அந்த மலை ஆட்டம்தான். உங்கள் கொழுந்தனாரிடம் இதைச் சொல்லுங்கள். 'ஆட்டம்' என்ற சொல்லில் குறை ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தில்லையில் நிற்பவனையே நாம் கூத்தன், ஆடல்வல்லான் என்றுதானே கூப்பிடுகிறோம்?

அரைமண்டி கெட்டுவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் மகள் வீட்டில் படுகர் மொழியான படுகு பேசுகிறாள், பள்ளியில் தமிழ் பேசுகிறாள். ஒன்றால் மற்றொன்று கெட்டதா? உடம்புக்கும் இரண்டு மொழி தெரியும்.

ஊட்டி கோடை விழாவில் படுகர் நடனம் மேடையேறியதை ஒருமுறை பார்த்தேன். அழகாகத்தான் ஆடினார்கள். ஆனால் வட்டம் அறுந்து அரைவட்டமாகிவிட்டது. கூட்டத்துக்கு முதுகு காட்டக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சில மாதம் கழித்து, ஒரு ஹட்டியில் நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் அதே ஆட்டம். அங்கே எல்லாருடைய முகமும் உள்நோக்கி இருந்தது. எழுபது வயதுப் பாட்டிக்குப் பக்கத்தில் ஆறு வயதுப் பையன். கோயம்புத்தூரிலிருந்து பஸ் பிடித்துத் தாமதமாக வந்த ஒரு பெண் பையைக் கீழே வைத்துவிட்டு நேராக உள்ளே போனாள். பேச்சே இல்லாமல் இரண்டு பேர் விலகி இடம் விட்டார்கள். வட்டத்தில் பின்வரிசை என்று ஒன்று கிடையாது. நீலகிரியில் வாழும் தோடர் பழங்குடியினரும் வட்டமாகவே ஆடுகிறார்கள். 1930-களில் இங்கே தங்கி அவர்கள் பாடல்களைத் திரட்டிய மொழியறிஞர் எமனோ, ஆடும்போதே புதிதாகப் பாட்டுக் கட்டும் அவர்களுடைய திறமையை வியந்து எழுதியிருக்கிறார்.

சரி, மேடை எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. மேடை எதையும் தனக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்ளும். பரதநாட்டியமும் அப்படி மாறியதுதான். சதிர் என்று பெயர் இருந்த காலத்தில் ஆட்டுவிக்கும் ஆசானான நட்டுவனாரும் மேளக்காரர்களும் ஆடுபவருக்குப் பின்னால் நின்று, அவர் முன்னே வர வர, கூடவே நகர்ந்து வருவார்கள். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி 1935-இல் ஆட வந்த பிறகு அவர்களை மேடையின் ஓரத்தில் உட்காரவைத்தார். இன்று எல்லா அரங்கேற்றத்திலும் அதுதான் வழக்கம்.

சினிமா நடனத்தையும் மகள் பார்க்கட்டும். நம் மலை ரயிலின் கூரைமேல் எடுத்த 'தையா தையா' பாட்டு 1998-இல் 'உயிரே' படத்தில் வந்தது. பரதநாட்டியத்தின் தொடக்கப் பாடமான தட்டடவில் குழந்தைகள் முதலில் சொல்லும் 'தையா தை'தான் அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஓடும். ஷாருக் கானையும் மலைக்கா அரோராவையும் ஊரே பார்த்துவிட்டது. அடுத்த முறை அவர்களை விட்டுவிட்டு, பின்னால் ஆடும் குரூப் டான்சர்களை மட்டும் பாருங்கள். ஓடுகிற ரயில், வளைவுகள், குகைகள். காலை எங்கே வைப்பது என்ற பயம் ஒருவர் முகத்திலும் இல்லை. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. நகரத்தில் விடிவதற்கு முன் எழுந்து, ஒத்திகைக்கு ஓடி, கேமரா தங்களைத் தாண்டிப் போகும் என்று தெரிந்தும் முழு உடம்போடு ஆடுகிற கலைஞர்கள். இவர்கள்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு.

அப்புறம், யாரைப் பார்க்கலாம் என்று கேட்டீர்கள். என் பதில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி. சத்யஜித் ராய் 1976-இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் கடற்கரையில், காற்று சேலையைப் பிடித்து இழுக்க, 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' ஆடுகிறார். அப்போது அவர் இளம்பெண் இல்லை. துள்ளல் இல்லை, வேகம் இல்லை. ஒரு அம்மா பிள்ளையைக் கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். கையையும் கண்ணையும் விட்டுப் பார்வையை எடுக்க முடியாது.

அந்தப் பாட்டு கன்னடம். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்குப் பொருள் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். கன்னடத்துக்கு நெருக்கமான படுகு பேசுகிற உங்கள் மகளுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். நீங்கள் ஒன்றும் விளக்காமல் அவளை மாமியாருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தைப் போடுங்கள். பாட்டி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.