ஏரி இறங்கியது, படம் தப்பில்லை

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவரின் கேள்வி: தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கலிஃபோர்னியாவின் மோனோ ஏரி வரைபடம் கிடைத்தது. கைப்பேசியில் ஒப்பிட்டால் கரை பொருந்தவில்லை. ‘அச்சுப்பிழை, அபூர்வம், எட்டாயிரம் வெள்ளிக்குப் போகும், சான்றிதழுக்கு முதலில் நானூறு கொடுங்கள்’ என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். படத்தில் பிழையே இல்லை.

மோனோ ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது. வரும் தண்ணீர் வெயிலில் ஆவியாகத்தான் போகும். அதற்கு வரும் ஓடைகளை லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1941 முதல் தன் குழாய்களுக்குத் திருப்பியது. கடல்மட்டத்துக்கு மேல் 6,417 அடியில் இருந்த நீர்மட்டம் 1982-ல் 6,372 அடிக்கு இறங்கியது. மேற்கே மலைச்சரிவு, அங்கே கரை அதிகம் நகராது. வடக்கும் கிழக்கும் தட்டை; நீர் கொஞ்சம் இறங்கினாலே கரை வெகுதூரம் ஓடிவிடும். ஏரிக்குள் இருந்த நெகிட் தீவு 1979-ல் கரையோடு ஒட்டிக்கொண்டது. கொயோட்டி என்னும் காட்டுநாய்கள் நடந்தே போய்க் கடற்காக்கைக் கூடுகளைச் சூறையாடின. 6,392 அடிக்கு ஏற்ற வேண்டும் என்று 1994-ல் உத்தரவு வந்தது. இன்னும் ஏறவில்லை. தாளில் ஏற்றுவது சுலபம்!

அப்புறம், படத்தின் ஓரங்களைப் பாருங்கள். பதிப்பு ஆண்டு, மறுபதிப்பு ஆண்டு, அளந்த ஆண்டு மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். கரைக்கோடு அளந்த ஆண்டுக்குச் சொந்தம். இது தரகருக்கும் தெரியும், சொல்ல மாட்டார்.

அச்சுத்தாள் அபூர்வமும் அல்ல. அமெரிக்க அரசு சில சென்டுக்கு விற்ற படங்கள் இவை. 1884 முதல் 2006 வரை வந்தவற்றை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையான யூஎஸ்ஜிஎஸ்ஸின் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நம் தோட்டத்துப் பழைய படம் ஒன்றுக்காக நான் ஓர் அலுவலகத்தில் மூன்று தடவை படிவம் நிரப்பினேன், நான்காவது தடவை ‘அதிகாரி லீவு’ என்றார்கள்.

ஒரே விதிவிலக்கு, கைக்குறிப்பு. பென்சிலில் தேதி, நீர்மட்ட எண், கரையில் புதுக்கோடு ஏதும் இருந்தால் அழிக்காதீர்கள். சில சமயம் தாளைவிட அந்தக் கிறுக்கல்தான் மதிப்பு. பகல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்து, பின்பக்கமும் பாருங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். லேமினேட்? வேண்டவே வேண்டாம், திரும்பப் பிரிக்க முடியாது.

சரி, தரகர் மறுபடி வந்தால் சான்றிதழ் கொடுப்பவர் யார், முகவரி என்ன என்று எழுதிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் அவர் போனை எடுத்தால் எனக்கு எழுதுங்கள்.