பேஸ்பால் பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் உச்சத்தில் இருந்தபோதே ஏன் விலகினார்?

இடது முழங்கையில் வந்த மூட்டுவாதம்தான் காரணம். 1966-ல் 27 ஆட்டங்களை வென்ற கையோடு, 30 வயதில் விலகிவிட்டார்.

தொடக்கம் ஒன்றும் பிரமாதமில்லை. 1955-ல் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்தபோது வேகம் இருந்தது, பந்து சொன்ன இடத்துக்குப் போகாது. முதல் ஆறு ஆண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி. 1961 பயிற்சிக் காலத்தில், முழு பலத்தையும் போட்டு வீச வேண்டாம் என்று அவர் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் நார்ம் ஷெர்ரி சொன்னார். அப்புறம் ஆளே வேறு: 1965-ல் மட்டும் 382 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை அவுட்டாக்குவது), எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத ஒரு பெர்ஃபெக்ட் கேம், சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதுகள் மொத்தம் மூன்று.

ஆனால் கடைசி வருடங்களில் வீக்கத்தைக் குறைக்கும் கார்டிசோன் ஊசியும் வலி மாத்திரையும் இல்லாமல் ஆட முடியவில்லை. கை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று பயந்தார். என்னைக் கேட்டால், சரியான முடிவு.