பவர்பாயிண்ட் ஸ்லைடில் இருக்கும் எல்லாப் படங்களுக்கும் கோட் எழுதியே அனிமேஷன் கொடுக்க முடியுமா?

முடியும். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு பாடத்துக்கு நாற்பது படமாவது வரும். ஒவ்வொன்றுக்கும் கையால் ஃபேட் (படம் மெல்லத் தெளிந்து வரும் அனிமேஷன்) கொடுத்து அலுத்துத்தான், அந்த வேலையைத் தானாகச் செய்யும் மேக்ரோ என்ற சின்னக் கோட் எழுதப் பழகினேன்.

பவர்பாயிண்டில் ஆல்ட்டையும் எஃப்11-ஐயும் சேர்த்து அழுத்தினால் மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டர் திறக்கும். ஸ்லைடின் ஷேப்களை (படம், எழுத்துப்பெட்டி எல்லாமே ஷேப்தான்) ஃபார் ஈச் போட்டு ஒவ்வொன்றாகச் சுற்றி, டைப் 13 ஆக இருப்பதை, அதாவது படத்தை மட்டும், டைம்லைனுக்குள் இருக்கும் மெயின்சீக்வென்ஸின் ஆட்எஃபெக்டுக்குக் கொடுங்கள். அடைப்புக்குறிக்குள் வரிசையாக ஷேப், 10, 0, 1. இதில் 10 என்பது ஃபேட். கடைசி எண் 1 என்றால் க்ளிக் செய்தால் வரும். 2 முந்தையதோடு சேர்ந்து வரும். 3 முந்தையது முடிந்ததும் தானாக வரும். நான் எப்போதும் 1தான். "எங்க தோட்டத்து வரப்புல நிக்குதுங்க டீச்சர்" என்று பிள்ளை சொல்லி முடிக்கும்வரை அடுத்த படம் காத்திருக்க வேண்டும்.

சில படங்கள் மேக்ரோவுக்குச் சிக்காது. ப்ளேஸ்ஹோல்டருக்குள், அதாவது ஸ்லைடின் லேஅவுட்டிலேயே வரும் கட்டத்துக்குள், செருகிய படத்தின் டைப் 14. அதற்கு ப்ளேஸ்ஹோல்டர்ஃபார்மேட்டின் கன்டெய்ன்ட்டைப் 13தானா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே இஃப்பில் ஆண்ட் போட்டு எழுதினால் பிழை வரும். ஒரு இஃப்புக்குள் இன்னொரு இஃப்பாக எழுதுங்கள்.

என்னை ரொம்பப் படுத்தியது வரிசைதான். எங்கள் ஊர்க் கரும்பனையை வைத்து ஒரு பாடம் செய்தேன்: கொட்டை, கிழங்கு, வடலி, மரம், நுங்கு. வகுப்பில் போட்டால் மரம் முதலில் வந்து நிற்கிறது, கொட்டை கடைசியில்! ஃபார் ஈச் இடமிருந்து வலமாகப் போகாது. அடியில் கிடக்கும் படத்திலிருந்து மேலே வரும். ஸ்லைடில் இருப்பதையெல்லாம் பட்டியலாகக் காட்டும் செலக்ஷன் பேனில் கீழே இருப்பதுதான் முதலில் வரும். அங்கேயே வரிசையை மாற்றிவிட்டு மேக்ரோவை ஓட்டுங்கள். மறுபடி ஓட்டும்போது பழைய எஃபெக்டுகளைக் கடைசியிலிருந்து ஒன்றுவரை அழித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே படம் இரண்டு தடவை வரும்.

பைத்தானில் செய்ய நினைத்தால், அதற்கான பைத்தான்-பிபிடிஎக்ஸ் லைப்ரரியில் அனிமேஷனுக்கென்று ஃபங்ஷனே கிடையாது. ஃபைலுக்குள் அனிமேஷனைக் குறித்து வைக்கும் டைமிங் எக்ஸ்எம்எல்லை நாமே எழுத வேண்டும். எனக்கு மேக்ரோ போதும்.

எங்கள் பள்ளி லேப்டாப்பில் இருப்பது லினக்ஸும் லிப்ரே ஆபீஸும். அதனால் வீட்டில் மேக்ரோவை ஓட்டிவிட்டு பிபிடிஎக்ஸாக (மேக்ரோ இல்லாத சாதாரண பவர்பாயிண்ட் ஃபைலாக) சேமிக்கிறேன். மேக்ரோ போய்விடும், அது போட்ட ஃபேட் ஃபைலிலேயே இருக்கும், லிப்ரே ஆபீஸில் ஸ்லைடு காட்டும் இம்ப்ரெஸிலும் ஓடும். ஃபேட் தவிர வேறு ஏதாவது போட்டிருந்தால், மணி அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை அங்கே ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.