இங்கிலாந்தில் பழமையான கிராமத்து பப் ஒன்று மூடப்படுவதை ஊர்மக்களால் தடுக்க முடியுமா?

நூற்றாண்டுகள் பழமையான பப் ஒன்றை விற்று, வீடாக மாற்றப்போகிறார்கள் என்ற நிலையில் ஊரார் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வடக்கு யார்க்‌ஷயரில் சில காலம் வசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தடுக்க முடியும். ஆனால் சட்டம் தருவது அவகாசம் மட்டுமே. பணத்தையும், நடத்துவதற்கு ஓர் ஆளையும் ஊர்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பட்டியல் சுவரையும் உத்தரத்தையும் காக்குமே தவிர, வியாபாரம் தொடர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாது. அதிலும் இடம்பெறாத கட்டடத்தின் கதி இன்னும் மோசம். 1765இல் பண்ணைவீடாகக் கட்டப்பட்டு, சுரங்கத்தால் நிலம் தாழ்ந்து சாய்ந்தபடியே நின்று புகழ்பெற்ற ஸ்டாஃபர்ட்ஷயரின் ‘குரூக்கெட் ஹவுஸ்’, 2023 ஜூலையில் கைமாறி, ஆகஸ்ட் 5ஆம் தேதி எரிந்து, இரண்டே நாளில் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று உள்ளாட்சி மன்றம் பிறப்பித்த உத்தரவு 2024இல்தான் வந்தது.

ஊராரின் கையில் உள்ள உண்மையான கருவி, 2011ஆம் ஆண்டின் உள்ளூர்ச் சுயாட்சிச் சட்டம். அதன்படி பப்பைச் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்துவிட்டால், உரிமையாளர் விற்க நினைக்கும்போது மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் ஊர் அமைப்பு ஒன்று வாங்க விருப்பம் தெரிவித்தால், அறிவிப்பு நாளிலிருந்து ஆறு மாதம் வரை பொதுவாக வேறு யாருக்கும் விற்க முடியாது. அந்த ஆறு மாதம் முடிந்ததும், ஊரார் கேட்கும் விலைக்கு விற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

வடக்கு யார்க்‌ஷயரின் ரிச்மண்ட் அருகேயுள்ள ஹட்ஸ்வெல் என்ற சிற்றூர், இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே வழிகாட்டியது. அங்கிருந்த ஒரே பப்பான ‘ஜார்ஜ் அண்ட் டிராகன்’ 2008இல் மூடப்பட்டது. ஊரார் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டிக் கட்டடத்தை வாங்கி, 2010இல் திறந்து, குத்தகைதாரர் ஒருவரிடம் நடத்தக் கொடுத்தார்கள். பிறகு அங்கேயே ஒரு சிறு நூலகமும், தன்னார்வலர்கள் கவனித்துக்கொள்ளும் மளிகைக் கடையும், பின்புறம் காய்கறிப் பாத்திகளும் வந்தன. கேம்ரா என்ற பீர் ஆர்வலர் அமைப்பின் 2016ஆம் ஆண்டுக்கான தேசிய விருதும் அதற்கே கிடைத்தது. மதுவைத் தொடாத எனக்கும் அங்கே போக வேலை இருந்தது என்பதே அதன் வெற்றி என்று நினைக்கிறேன்.

நட்டமென்று மூடிய கடை ஊர் கைக்கு வந்ததும் எப்படிப் பிழைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். பெரும் நிறுவனங்களுக்குச் சொந்தமான பப்களில் நடத்துபவர் வாடகையும் கட்டி, பீரையும் பெரும்பாலும் அந்நிறுவனத்திடமே கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். ஊரே உரிமையாளராகும்போது அந்தக் கட்டு அவிழ்கிறது. ஆனால், ஆர்ப்பாட்டத்துக்கு வந்தவர்கள் செவ்வாய்க்கிழமை இரவில் சாப்பிட வராவிட்டால் எந்த உரிமையாளராலும் பயனில்லை.

ஆகவே விற்பனைப் பலகை தொங்கும்வரை காத்திருக்காமல் இப்போதே பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பதிவு ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். முடியும் தேதியைக் குறித்து வைத்து, காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.