கல்விக் கடன் இருக்கட்டும், முதலில் அடகு நகையைப் பாருங்கள்

கேள்வி: தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். இப்போதுதான் இரண்டாம் ஆண்டு தொடங்கியிருக்கிறது. அப்பா விசைத்தறித் தொழிலாளி. ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள்தான். நான்கு லட்சம் ரூபாய் கல்விக் கடன், ஆண்டுக்கு ஒரு லட்சமாகக் கல்லூரிக்கே போகிறது. வட்டி 10 சதவீதம். சேர்க்கையின்போது முன்பணம், சீருடை, புத்தகம் என்று வந்த செலவுக்கு அம்மாவின் நகையை அடகுக்கடையில் வைத்து 80,000 ரூபாய் வாங்கினோம். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. அப்பா மாதம் தவறாமல் 1,600 ரூபாய் கட்டிவிடுகிறார். எனக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்விக் கடனை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. இந்த ஆயிரத்தை அதன் வட்டிக்குக் கட்டலாமா? விடுதிக்கு அருகே ஒரு நர்சிங் ஹோமில் இரவு வேலைக்கு மாதம் 6,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். போகலாமா? ஜெர்மனியில் வேலைக்கு இப்போதே 50,000 ரூபாய் கட்டினால் இடம் உறுதி என்கிறார் ஒரு ஏஜென்ட். என்ன செய்வது?
— ஒரு மாணவி, சேலம் மாவட்டம்

பதில்: உங்கள் வீட்டில் இரண்டு கடன்கள் இருக்கின்றன. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது ஒன்று. உங்கள் அப்பாவின் கூலியைத் தின்பது இன்னொன்று. அடகுக்கடைக் கடனைப் பற்றி இரண்டே வரிகளில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். அப்பா கட்டும் 1,600 ரூபாயும் முழுக்க முழுக்க வட்டி. ஆண்டுக்கு 19,200 ரூபாய் போகிறது, அசல் 80,000 அப்படியே நிற்கிறது. நீங்கள் படித்து முடிக்க இன்னும் மூன்று ஆண்டுகள். அதுவரை இப்படியே போனால் அவர் 57,600 ரூபாய் கட்டியிருப்பார். நகை அப்போதும் கடைக்காரரின் பெட்டியில்தான் இருக்கும்.

அதே நகைக்கு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் வாங்கினால் வட்டி ஏறக்குறைய 10 சதவீதத்தில் முடியும். மாதக் கணக்கில் 667 ரூபாய். இப்போது அப்பா கட்டும் 1,600 ரூபாயை அவர் அப்படியே கட்டட்டும். அதோடு உங்கள் 1,000 ரூபாயைச் சேருங்கள். மாதம் 2,600. முதல் மாதத்திலேயே வட்டி போக 1,933 ரூபாய் அசலில் கழியும். அடுத்தடுத்த மாதங்களில் வட்டி குறையும், கழியும் தொகை கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 36-ஆம் மாதம் கடன் தீர்கிறது. நீங்கள் இறுதித் தேர்வு எழுதும் நேரத்தில் நகை அம்மாவிடம் வந்துவிடும். அப்பா கூடுதலாக ஒரு ரூபாய்கூடப் போட வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நகையை மீட்டால்தான் வங்கியில் வைக்க முடியும். மீட்கக் கையில் பணம் வேண்டும். காலையில் மீட்டு மதியம் வங்கியில் வைக்கும்வரை ஒரு நாள் கைமாற்று தேவைப்படும். மாமா, அத்தை யாரிடமாவது கேட்கலாம். முதல் நாளே வங்கிக் கிளைக்குப் போய், மதிப்பீட்டாளர் எந்த நேரத்தில் இருப்பார், எவ்வளவு தருவார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கடனை மாதாமாதம் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரும்பாலான நகைக்கடன்களை ஓராண்டு முடிவில் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை மறந்தால் ஏல நோட்டீஸ் வரும். நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

இனி கல்விக் கடன். படிப்புக் காலம் முழுவதும், அதற்குப் பின் ஓராண்டும் நீங்கள் தவணை கட்டத் தேவையில்லை. அந்தக் காலத்துக்கு வட்டி மட்டும், அதுவும் தனிவட்டியாக, கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் கடனில் ஐந்து ஆண்டுகளில் அது 1,40,000 ரூபாய் ஆகும். தவணை தொடங்கும்போது நான்கு லட்சம் 5,40,000 ஆகியிருக்கும். பத்து ஆண்டுகளில் கட்டுவதானால் மாதம் சுமார் 7,140 ரூபாய்.

பயந்துவிடாதீர்கள். இந்த 1,40,000 ரூபாயை நீங்கள் கட்டாமலே போக வழி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்பு மாணவர்களுக்குப் படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் உரிய வட்டி முழுவதையும் மத்திய அரசு மானியமாகத் தருகிறது. வங்கியில் சி.எஸ்.ஐ.எஸ். என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் தரச்சான்று உங்கள் கல்லூரிக்கு இருக்க வேண்டும். நாக் வரம்புக்குள் வராத நர்சிங் கல்லூரி என்றால் இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் வேண்டும். உங்கள் கடிதத்தில் இந்த மானியத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. கடன் வாங்கும் நாளில் இருபது இடத்தில் கையெழுத்து வாங்குகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருமானச் சான்றிதழ் வாங்குங்கள். அப்பாவையும் அழைத்துக்கொண்டு கிளைக்குப் போய், உங்கள் கணக்கு மானியத்துக்குப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். வாய்ப்பேச்சோடு திரும்பாமல் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மானியம் கிடைத்தால் நான்கு லட்சத்துக்கு மட்டும்தான் தவணை. பத்து ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 5,290 ரூபாய். பதினைந்து ஆண்டுகள்வரை நீட்டிக்கவும் வழி இருக்கிறது.

ஏதோ காரணத்தால் மானியம் இல்லை என்றாலும் என் வரிசை மாறாது. 24 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 10 சதவீதக் கடனுக்கு முன்கூட்டியே கட்டுவது, ஓட்டைக் குடத்தை விட்டுவிட்டு நல்ல குடத்துக்கு மூடி தேடுவது போன்றது.

கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச்சலுகை உண்டு என்று யாராவது சொல்வார்கள். புதிய வரிமுறையில் அந்தச் சலுகை இல்லை. அந்த முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை சம்பாதித்தாலும் வரியும் இல்லை. வேலைக்குச் சேரும் செவிலியர் அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பளம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு உத்தரவைத் தொடர்ந்து அமைந்த குழு, ஐம்பது படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகளில்கூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. பல இடங்களில் புதியவர்களுக்குக் கொடுப்பது அதற்கும் கீழேதான். 15,000 வாங்கும் கைக்கு 7,140 தவணைக்கும் 5,290 தவணைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மானியத்தை விடாமல் துரத்துங்கள் என்று சொல்வது அதனால்தான்.

நர்சிங் ஹோம் வேலை வேண்டாம். நீங்கள் இன்னும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவுபெற்ற செவிலியர் இல்லை. இரவு மூன்று மணிக்கு ஓர் ஊசியில் தவறு நடந்தால் அந்த 6,000 ரூபாய் உங்களைக் காப்பாற்றாது. தேர்வு எழுதப் பாடத்துக்கும் செய்முறைக்கும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் பெறுவதற்குள் கிளினிக்கல் போஸ்டிங் எனும் மருத்துவமனைப் பயிற்சி நாட்கள் முழுவதையும் முடித்தாக வேண்டும். இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலையில் வார்டுக்குப் போனால் எத்தனை நாள் தாங்கும்? படிப்பு ஆறு மாதம் இழுத்தால், வேலைக்குப் போய் ஈட்ட வேண்டிய ஆறு மாதச் சம்பளம் போகும். நீளும் காலத்துக்கு வட்டி மானியமும் நிற்கலாம்.

ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பட்டமும் பதிவும் இல்லாத ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எந்த மருத்துவமனையும் இடம் பிடித்து வைக்காது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். எண் கேட்டதுமே பலர் காணாமல் போய்விடுவார்கள். சவூதி, குவைத் போன்ற வளைகுடா நாடுகளுக்குச் செவிலியர்களை அனுப்புவது 2015 முதல் அரசு முகமைகள் வழியாகத்தான். தமிழ்நாட்டில் அதற்குச் சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. நான்காம் ஆண்டில் அங்கே போய் விசாரியுங்கள். ஜெர்மனிதான் கனவு என்றால் உங்களைத் தடுத்து நிறுத்தப்போவது பணம் அல்ல, மொழி. அங்கே செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 நிலை (மொழித்தேர்ச்சியின் ஆறு படிகளில் நான்காவது) வரை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். அடிப்படைப் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. போஸ்டிங் இல்லாத மாலைகளில் அரைமணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். காசு கட்டி வகுப்பில் சேருவதை நகை வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.