தீக்கல் துப்பாக்கி வாங்க லைசென்ஸ் வேண்டாம், முயலைச் சுட லைசென்ஸ் வேண்டும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய மாதிரியில் புதிதாகச் செய்த தீக்கல் துப்பாக்கி, அதாவது தீக்கல்லின் பொறியால் மருந்தைப் பற்றவைத்துச் சுடும் பிளின்ட்லாக், ஒன்றை இணையத்தில் வாங்கினாராம். ஒரு படிவம்கூடக் கேட்காமல் வீட்டு வாசலில் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்தக் குளிர்காலத்தில் முயலும் அணிலும் சுடப் போகலாம் என்று ஆசை. பக்கத்து வீட்டு நண்பரும் கூட வருவார், மாற்றி மாற்றிச் சுடுவார்கள். அந்த நண்பருக்குப் பல வருடங்களுக்கு முன் வீடு புகுந்து திருடிய வழக்கில் தண்டனை ஆகியிருக்கிறது. "விசாவுக்கு ஆபத்து வருமா ஐயா?" என்பது கேள்வி.

துப்பாக்கி உங்கள் கையில் இருப்பதாலேயே விசாவுக்கு ஆபத்து இல்லை. 1968ஆம் ஆண்டின் மத்திய துப்பாக்கிச் சட்டம் 1898க்குள் செய்த பழந்துப்பாக்கிகளையும், தோட்டா போட முடியாத அவற்றின் நகல்களையும், கருமருந்து (பிளாக் பவுடர்) போட்டுக் குழலின் வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிகளையும் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்கு வெளியே வைத்திருக்கிறது. அதனால்தான் உங்களிடம் படிவம் கேட்கவில்லை. ஆனால் வாய்வழி கெட்டிப்பதெல்லாம் இந்த விலக்கில் வராது. தோட்டாத் துப்பாக்கியின் உடலில் குழலை மட்டும் மாற்றிப் பொருத்தியது என்றால் அது முழுத் துப்பாக்கிதான், ஆகவே உங்களுடையது அப்படியல்ல என்று காட்ட விற்றவரின் விளம்பரத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

உங்கள் விசாவில் இருப்பவர்கள் சாதாரணத் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கவே மத்தியச் சட்டம் தடை போடுகிறது, மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை. அமெரிக்காவில் முறையாக வழங்கிய வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. தீக்கல் துப்பாக்கிக்கு அந்த விலக்கு தேவையே இல்லை, ஆனாலும் காட்டில் யாராவது "இதையும் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள்" என்று ஷாட்கன்னை நீட்டும்போது உங்களைக் காப்பாற்றப் போவது பையில் இருக்கும் அந்த லைசென்ஸ்தான். இதே பென்சில்வேனியா, 1909இல் குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் காட்டு விலங்கைக் கொல்லக் கூடாது, ஷாட்கன்னோ ரைஃபிளோ வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்ட மாநிலம். பேட்சோன் என்ற இத்தாலியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1914இல் அது செல்லும் என்றும் சொல்லிவிட்டது. அந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும். இன்று அந்தத் தடை இல்லை, கிடைத்திருக்கும் உரிமையைக் கவனக்குறைவால் இழந்துவிடாதீர்கள்.

சரி, காட்டுக்குள் போவோம். வாங்கும்போது 'துப்பாக்கி அல்ல' என்று சொன்ன சட்டம் வேறு, வேட்டைச் சட்டம் வேறு. வேட்டைச் சட்டத்துக்கு உங்கள் தீக்கல்லும் துப்பாக்கிதான். முதல் முறை வேட்டைக்குப் போகிறவர் என்றால் பயிற்சி வகுப்பை முடித்துத்தான் லைசென்ஸ் வாங்க வேண்டும். முயலுக்கும் அணிலுக்கும் உரிய பருவத்தில், ஒரு நாளைக்கு எத்தனை என்ற கணக்குக்குள்தான் சுடலாம். ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள், அவர்கள் அனுமதி இல்லாமல் வேட்டையாடக் கூடாது. நிறைய பேர் சறுக்குவது ஆரஞ்சு உடையில். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் தீக்கல் துப்பாக்கி மான் பருவத்தில் ஆரஞ்சு கட்டாயமில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, அதே துப்பாக்கியோடு முயல் தேடப் போகிறவர்களும் அப்படியே போய்விடுகிறார்கள். சிறு விலங்கு வேட்டைக்குத் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு வேண்டும், கையில் எந்தத் துப்பாக்கி இருந்தாலும்.

அப்புறம், கார். மருந்து கெட்டிய துப்பாக்கியை வண்டியில் வைப்பது குற்றம். தீக்கல் துப்பாக்கியில் குழலுக்கு வெளியே சிறு கிண்ணியிலிருக்கும், பொறி பட்டு முதலில் பற்றும் பற்றுமருந்தை எடுத்துவிட்டால் அது கெட்டியதாகக் கணக்கில் வராது. இரும்பு மூடியை முன்னால் தள்ளி, கிண்ணியைக் கட்டைவிரலால் வழித்து, துணியால் துடைத்து, காவலர் கேட்டால் வெறும் கிண்ணியைக் காட்டலாம். ஆனால் குழலுக்குள் மருந்தும் ரவையும் இன்னும் இருக்கும், ஒரு பொறி போதும். சட்டம் இடம் கொடுத்தாலும் நான் கொடுக்க மாட்டேன். மாலையில் கிளம்பும் முன் பத்திரமான மண்மேட்டில் சுட்டுக் காலி செய்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். கடையில் வாங்கிய கருமருந்து சொந்த விளையாட்டு உபயோகத்துக்கு 50 பவுண்டு வரை மத்திய வெடிமருந்து உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். அதற்காக அபார்ட்மென்ட்டில் அவ்வளவு சேர்த்து வைக்காதீர்கள், வாடகை ஒப்பந்தத்தையும் உள்ளூர்த் தீயணைப்பு விதியையும் முதலில் பாருங்கள். விமானத்தில் எந்தப் பையிலும் அதைக் கொண்டுபோக முடியாது.

கடைசியாக உங்கள் நண்பர். நீங்கள் கேட்டதிலேயே என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். தண்டனை பெற்றவர் பழந்துப்பாக்கி நகலை வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுப்பதில்லை, அவரும் அதை நம்பித்தான் கூட வருகிறார் என்று நினைக்கிறேன். பென்சில்வேனியா சட்டம் அப்படி விடவில்லை. சில குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்ற பட்டியலில் வீடு புகுந்து திருடுவதும் இருக்கிறது, அந்தத் தடையிலிருந்து, சுடக்கூடிய நிலையில் உள்ள பழந்துப்பாக்கிக்கும் அதன் நகலுக்கும் விலக்கு கிடையாது. ஒரே ஒரு முறை அவர் கையில் கொடுத்தாலும் அவருக்குப் புது வழக்கு, தெரிந்தே கொடுத்தவர் என்று உங்கள் பெயரும் அதில் ஏறலாம், அப்போதுதான் விசா கேள்வி உண்மையிலேயே எழும். அவரோடு நடந்து போங்கள், முயல் தடம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், துப்பாக்கி மட்டும் உங்கள் தோளிலேயே இருக்கட்டும். அவர் தன் தண்டனை ஆவணங்களோடு ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பார்த்து, தடையை நீக்க வழி உண்டா என்று கேட்கட்டும்.