மெட்ஃபார்மின் செல்லுக்குள் செம்பைப் பிடிக்கிறது என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினின் மூலக்கூறில் 5 நைட்ரஜன் அணுக்கள் உண்டு. அவற்றில் இரண்டு சேர்ந்து ஒரு செம்பு அயனியைப் பற்றிக்கொள்ளும், நண்டு இரண்டு கொடுக்காலும் இரையைக் கவ்வுகிற மாதிரி. வேறு சில உலோகங்களோடும் சேரும்; ஆனால் செம்பிடம்தான் பிடி இறுக்கம்.

சரி, இதனால் என்ன? செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் முக்கியமான நொதி ஒன்று செம்பு இல்லாமல் ஓடாது. நேர்மின்சுமை கொண்ட மெட்ஃபார்மினும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. கல்லீரல் குளுக்கோஸ் தயாரிப்பைக் குறைப்பதில் செம்பைப் பற்றும் இந்தத் தன்மைக்கும் பங்கு இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முழுக்கதையும் இதுவே அல்ல.

அப்புறம், பெயரில் 'மெட்' இருப்பதால் மாத்திரையில் மெட்டல் கலந்திருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது, மூலக்கூறில் உள்ள 'மெத்தில்' என்ற அணுத்தொகுதியின் பெயரிலிருந்து வந்தது.